தூணோரத்து விபூதி

எனக்கு ஹீமோகுளோபின் 5.4 என்று தெரியவந்த வாரம் வரைக்கும் நான் அலுவலக மாடிப்படியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வேங்கிக்காலில் ஒரு சிறிய தனியார் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. வேதியியல் படித்தவள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் கொண்டுவருவார்கள். உப்பு எவ்வளவு, ஃப்ளோரைடு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, கிருமி இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன். கூடம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. மொத்தம் முப்பத்தாறு படிகள். பொங்கல் சமயத்தில் ஒரே மூச்சில் ஏறினேன். சித்திரையில் பாதியில் ஒருமுறை நின்றேன். ஆடியில் மூன்று இடங்களில் நின்றேன். படி உயரமாகக் கட்டிவிட்டார்களோ என்று அளவுகோல் வைத்து அளந்தேன். ஏழரை அங்குலம் இருந்தது. கொஞ்சம் அதிகம்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கிரிவலக் கணக்கும் கைபேசியில் இருக்கிறது. பௌர்ணமி தவறாமல் அம்மாவும் நானும் விடியற்காலையில் கிளம்பிப் பதினான்கு கிலோமீட்டர் நடப்போம். முன்பு மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது, பிறகு நாலரை, கடைசியாக ஐந்தேகால். அந்த ஐந்தேகாலுக்குப் பக்கத்தில் ‘கூட்டம் ஜாஸ்தி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் அதே ஐந்தேகால்தான் ஆனது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, தெருவிலும் அலுவலகத்திலும் நாலைந்து பெண்கள் தனியாகக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஹீமோகுளோபின் என்பது இரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருக்கும், இரும்பு கலந்த ஒரு புரதம். நாம் இழுக்கும் மூச்சிலிருந்து பிராணவாயுவை எடுத்து உடம்பின் எல்லா மூலைக்கும் சுமந்து போவது அதுதான். பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். சோர்வாக இருக்கிறது என்று தெருமுனை கிளினிக்கில் முதல்முறை பார்த்தபோது எனக்கு 7.8 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து மூன்று மாதம் சாப்பிடச் சொன்னார்கள். அட்டவணை போட்டு, ஒருநாள் தவறாமல், கட்டம் கட்டமாக டிக் அடித்துச் சாப்பிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 5.4.

என்னைப் பயமுறுத்தியது இந்த இரண்டாவது எண்தான். மாத்திரை சாப்பிட்டும் இறங்குகிறது என்றால் உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்று கிளினிக் மருத்துவர் சொல்லி, அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் போகும்போது கசிவுக்கான காரணங்களை கைபேசியில் தேடிப் பட்டியல் போட்டேன். கடைசி வரியில் இருந்த நோயின் பெயரை அம்மா பார்க்காதபடி திரையை அணைத்துவிட்டேன்.

பெண்கள் பொதுப் பிரிவில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அங்கே மருத்துவர்களைப் பெரிய மேடம், சின்ன மேடம் என்று பிரித்துத்தான் சொல்வார்கள். என்னைப் பார்த்தது சின்ன மேடம். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், விரல்களைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். நகம் நடுவில் குழிந்து கரண்டிபோல் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் நிற்கும் என்றார். அவர் போனபிறகு வைத்துப் பார்த்தேன், நின்றது.

பிறகு கேள்விகள் தொடங்கின. மாதவிலக்கு எத்தனை நாள் என்று கேட்டார். எட்டு நாள் என்றேன், முதல் மூன்று நாள் அதிகம் என்றும் சொன்னேன். அதை யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டபோது, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று அம்மா பதில் சொன்னாள். வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டார். கீரை, பருப்பு, ஞாயிற்றுக்கிழமை கறி, முட்டை உண்டு என்று நான் வரிசையாகச் சொன்னேன்.

“என்ன சமைச்சீங்கன்னு கேக்கல. நீ என்ன சாப்ட்ட, அத சொல்லு” என்றார் சின்ன மேடம்.

ஒரு தாள் கேட்டு வாங்கி, போன வாரத்தை நாள்வாரியாக எழுதினேன். எழுதி முடித்ததும் அந்தத் தாள் வேறு யாருடையதோ போல இருந்தது.

திங்கள்: சோமவார விரதம். காலையும் மதியமும் டீ. இரவு இட்லி மூன்று.
செவ்வாய்: வீட்டில் முட்டை கிடையாது. ரசம் சாதம்.
புதன்: முருங்கைக்கீரை. நான் சாப்பிட உட்கார்ந்தபோது சட்டியில் தண்ணீர்தான் மிச்சம்.
வியாழன்: பிரதோஷம். மாலைவரை டீ, பிஸ்கட்.
வெள்ளி: தயிர் சாதம், ஊறுகாய்.
சனி: அதேதான்.
ஞாயிறு: கறி. ஈரல் அண்ணனுக்கு. எனக்குக் குழம்பும் இரண்டு துண்டும்.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பட்டினி போடவில்லை. அப்பா செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதியில் காவலாளி, நேரத்துக்குப் போக வேண்டும். அண்ணன் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பவன். அவர்கள் முதலில் சாப்பிடுவார்கள். அடுத்து நான் சாப்பிடுவேன். கடைசியாக அம்மா சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்துகொள்வாள். யாரும் சொல்லி வந்த ஏற்பாடு இல்லை இது. யாரும் கேள்வி கேட்டதும் இல்லை.

சின்ன மேடம் தாளை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். மண், சாக்பீஸ், சாம்பல், பச்சரிசி, இப்படி எதையாவது வாயில் போட்டு மெல்லும் பழக்கம் உண்டா?

“சீச்சீ, எங்க வூட்ல அந்த மாதிரில்லாம் கெடையாது மேடம்” என்றாள் அம்மா.

நானும் இல்லை என்று தலையாட்டினேன். அப்போது என் தலையணைக்கடியில் ஒரு விபூதிப் பொட்டலம் இருந்தது. காலையில் கட்டில் கிடைத்ததும் அம்மா முதலில் செய்த வேலை அதுதான். எனக்கு நெற்றியில் பூசி, வாயில் ஒரு சிட்டிகை போட்டு, மிச்சத்தைப் பொட்டலமாக மடித்துத் தலைமாட்டில் வைத்தாள். எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோருமே விபூதியை ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வார்கள். யாரும் அதைத் தின்பது என்று நினைப்பதில்லை.

ஆனால் என்னுடையது சிட்டிகை அல்ல. எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை, ஒன்றரை வருடம் இருக்கலாம். நாக்கில் பட்டவுடன் குளிர்ந்து, கரைந்து, மேலண்ணத்தில் லேசாக ஒட்டும். அந்த ஒட்டுதலுக்காக மனது நாள் முழுக்க ஏங்கும். ஒரு மாதத்துக்கு வாங்கிய பொட்டலம் நான்கு நாளில் தீர்ந்தது. ‘எம் பொண்ணுக்கு பக்தி ஜாஸ்தி’ என்று அம்மா தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் மில்லிகிராம் கணக்கில் நிறுக்கிற நான் இதை ஒருநாளும் நிறுத்துப் பார்க்கவில்லை.

பெரிய கோயிலில் ஐயர் கொடுக்கும் விபூதியைப் பூசிக்கொண்டு, மிச்சத்தை எல்லோரும் தூணின் விளிம்பில் கொட்டிவிட்டுப் போவார்கள். அங்கே வெள்ளையும் சிவப்புமாகக் குவிந்து கிடக்கும். தூணைக் கும்பிடுவதுபோல் நின்று, குங்குமம் கலக்காத இடமாகப் பார்த்து, விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்வேன். எத்தனை ஆயிரம் கை பட்ட பொடி. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு அதைச் செய்தேன். இதை எப்படி ஒரு மருத்துவரிடம் சொல்வது?

அடுத்த மூன்று நாட்களும் பரிசோதனைகளில் போயின. இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்ததில் சிவப்பணுக்கள் சிறுத்தும் வெளுத்தும் இருந்தன. உடம்பு சேமித்து வைக்கும் இரும்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டிருந்தது. குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கிறதா என்று மலத்தைச் சோதித்தார்கள், இல்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. வயிற்று ஸ்கேனுக்காக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, முட்டும் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, மரப்பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தார்கள். சிரித்தால் அடக்க முடியாது என்று நாங்கள் யாரும் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. கைபேசிப் பட்டியலில் ஒவ்வொரு வரியாக அடித்து நீக்கிக்கொண்டே வந்தேன். பட்டியல் சிறுக்கச் சிறுக்கக் கடைசி வரி பெரிதாகத் தெரிந்தது.

இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். முதல் பை உள்ளே போகும்போது கை முழங்கைவரை குளிர்ந்தது. குடும்பத்தில் யாராவது பதிலுக்கு இரத்தம் கொடுத்தால் நல்லது என்று செவிலியர் சொல்ல, என்னுடையதை எடுத்துக்கொள்ளட்டும் என்று அம்மா முதல் ஆளாகக் கிளம்பினாள். அண்ணனும் கூடப் போனான். போய்விட்டு வந்து நடந்ததை அவன்தான் சொன்னான். நீல நிறத் திரவத்தில் ஒரு சொட்டு இரத்தத்தை விடுவார்களாம். மூழ்கினால் கொடுக்கலாம், மிதந்தால் கூடாது.

“என்னோடது கல்லு மாதிரி உள்ள போச்சி. அம்மாவுது மேலயே சுத்திக்கினு கீது” என்றான்.

பிறகு கருவியிலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அண்ணனுக்கு 14.8, அம்மாவுக்கு 7.9. மிஷின் சரியில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டே, இந்த உடம்போடு இருபத்தைந்து வருடம் ஓட்டவில்லையா என்று கேட்டாள். அண்ணன் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டியிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா தினமும் மதியம் வந்தார். அதிகம் பேசமாட்டார். மாதுளம்பழத்தை உதிர்த்து டப்பாவில் போட்டு, ஒரு விதைகூடக் கீழே விழாமல் மூடிவிட்டுப் போவார். மாதுளை சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்பது வெறும் நம்பிக்கை, அதில் இரும்பு கம்மிதான் என்று சின்ன மேடம் பிறகு சொன்னார். அப்பாவிடம் அதை நான் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் நசீமா அக்கா இருந்தார். கடைத்தெருவில் அவர் வீட்டுக்காரர் தையல் கடை வைத்திருக்கிறார். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் குறைந்து, இரண்டாம் முறையாக வந்து சேர்ந்திருந்தார். நான்காம் நாள் மதியம் அம்மா துணி துவைக்கப் போயிருந்தபோது, பெரிய மேடம் எழுதிவிட்டுப் போன குறிப்பைச் செவிலியர் எனக்குச் சொன்னார். எங்கேயும் கசிவு தெரியாததால் நாளை மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் கீழ்வழியாகவும் பார்ப்பார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் என் கை தானாகவே தலையணைக்கடியில் போயிருக்கிறது. விரலை வாயில் வைத்தபோது நசீமா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்ளோ நாளா?” என்று கேட்டார்.

நான் பிரசாதம் என்றேன். அவர் சிரித்தார். தன் பெரிய பையன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பல்பத்தை டப்பா டப்பாவாக வாங்கி, முறுக்குபோலக் கடித்துத் தின்றதாகச் சொன்னார். வீட்டுக்காரர் பையனைத்தான் திட்டுவாராம், எழுதுகிறாயா விற்கிறாயா என்று. முதல் தடவை இங்கே வந்தபோது மேடம் கேட்டும் அவர் சொல்லவில்லை.

“சொல்லாம போனேன். ஆறே மாசத்துல திரும்ப வந்துட்டேன். நீயாவது சாமி பேர்ல துன்ற பாப்பா. எனக்கு சொல்லிக்க ஒரு பேரும் இல்ல. கொழா வுடறதுக்கு முன்ன சொல்லிடு” என்றார்.

மாலை ரவுண்டில் சின்ன மேடம் வந்தபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. பொட்டலத்தை எடுத்துக் கோப்பின்மேல் வைத்து, இதை நான் தின்கிறேன் என்று சொன்னேன். அளவைச் சொன்னேன். எத்தனை காலமாக என்று சொன்னேன். தூணைப் பற்றியும் சொன்னேன்.

சின்ன மேடம் முகம் சுளிக்கவில்லை. மாத்திரையை எப்போது சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டார். காலையில் சாமி கும்பிட்டு, விபூதி போட்டுக்கொண்டு, டீயோடு சாப்பிட்டேன் என்றேன்.

“மூணு மாசமும்?”

“ஒருநாள் விடாம.”

அவர் பேனாவை மூடிவிட்டு விளக்கினார். உடம்பில் இரும்பு குறையும்போது சிலருக்கு மண், சாம்பல், பல்பம் போன்றவற்றின்மேல் ஆசை வரும். அது கெட்ட பழக்கம் இல்லை, நோயின் அடையாளம். ஆனால் கடையில் விற்கிற விபூதியில் பெரும்பாலும் சுண்ணாம்பு வகைப் பொடிதான் இருக்கிறது. அது வயிற்றுக்குள் போனால் உணவில் இருக்கிற இரும்பையும் மாத்திரையில் இருக்கிற இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. டீயும் அதே வேலையைச் செய்யும். இரும்பு குறையக் குறைய ஆசை கூடும், ஆசை கூடக் கூட இரும்பு குறையும். எட்டு நாள் உதிரப்போக்கில் போவது போக, உள்ளே வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான் டிக் அடித்த தொண்ணூறு கட்டங்களும் வீண்.

அவர் பெரிய மேடத்திடம் பேசினார். குழாய் விடுவதைத் தள்ளிவைத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சலைனில் கலந்து நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது, உதிரப்போக்குக்குத் தனியாக மருந்து கொடுப்பது, மூன்று மாதத்தில் அளவு ஏறி நின்றால் குழாய் வேண்டாம், மறுபடி இறங்கினால் கட்டாயம் பார்ப்பது என்று முடிவானது. ஆக, என் பட்டியலின் கடைசி வரியை அடிக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

போவதற்கு முன் சின்ன மேடம் அம்மாவின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு 7.9-னு பிளட் பேங்க்ல சொன்னாங்களாமே. நீங்க எதனா சாப்புடறீங்களாம்மா?” என்றார்.

அம்மா டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். நடைகூடத்தின் கோடியில் தொட்டி இருந்தது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய கிண்ணத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். சாமி காரியத்தை நோய் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாயே என்று திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“உன்ன மாசமா இருக்கசொல்ல அடுப்பு சாம்பல் துன்னேன்” என்றாள் திரும்பாமலே. “உங்கப்பா பாத்துட்டாரு. அசிங்கமா போச்சி. அப்பறம் விபூதின்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு...”

நான் அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பொட்டலங்கள் நான்கு நாளில் தீர்ந்ததற்கு நான் மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அம்மாவுக்கும் சீட்டுப் போட்டோம். ஒன்பதாம் நாள் நான் வீட்டுக்கு வந்தேன். சமையலறைச் சுவரில் எனக்கும் அம்மாவுக்குமாக இரண்டு பத்தி உள்ள அட்டவணை ஒட்டினேன். மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் டீ கூடாது, எலுமிச்சைச் சாறோடு சாப்பிடலாம், மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மலச்சிக்கல் வந்தாலும் நிறுத்தக் கூடாது என்று அடியில் எழுதினேன். விரதத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அம்மாவாகவே திங்கட்கிழமைகளில் சுண்டல் செய்ய ஆரம்பித்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் தட்டிலிருந்த ஈரலை எடுத்து ஒன்றை எனக்கும் ஒன்றை அம்மாவுக்கும் வைத்துவிட்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். அம்மாவை உடன் உட்காரவைக்க இன்னும் முடியவில்லை. அவள் பங்கு தனிக் கிண்ணத்தில் முதலிலேயே எடுத்து வைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

வேலைக்குத் திரும்பிய அன்று விபூதியைக் கண்ணாடித் தட்டில் வைத்து நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு வகைதான். தெரிந்துகொள்வது வேறு, ஆசை அடங்குவது வேறு. இரண்டாவதற்கு ஏழு வாரம் ஆனது. ஒருநாள் காலையில் பூசிக்கொண்டபோது விரல் வாய்க்குப் போகவில்லை. போகவில்லை என்பதையே மதியத்துக்குப் பிறகுதான் கவனித்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எனக்கு 11.7, அம்மாவுக்கு 10.6. குழாய் வேண்டாம் என்று சின்ன மேடம் எழுதினார். மருத்துவமனை வாசலிலேயே நின்று கைபேசியைத் திறந்து கடைசி வரியை அழித்தேன்.

அந்த வாரம் பௌர்ணமி வந்தது. நான்கு மணி நேரம் பத்து நிமிடத்தில் மலையைச் சுற்றி வந்து கோயிலுக்குள் போனோம். ஐயர் இருவருக்கும் விபூதி கொடுத்தார். நான் பூசிக்கொண்டு, கையில் மிச்சமிருந்ததைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நிமிர்ந்தபோது அம்மா பக்கத்தில் இல்லை. வழக்கமான அந்தத் தூணருகே, எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தாள். வேகமாகக் கிட்டே போனேன். அவள் உள்ளங்கையிலிருந்ததை விளிம்பில் கொட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தட்டித் தூசி போக்கி, முந்தானையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து, கவிழ்த்து, அதிலிருந்ததையும் அங்கேயே கொட்டினாள்.